நோபல் பார்க் தண்ணீரை அளந்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் ரெலிபோன் அடித்தது. பேசியவர் கென். நான் இரசாயனராகப் பணிபுரியும் தண்ணீர் ஆய்வுகூடத்தில், ஊர் ஊராகப் போய் மாதிரிப் போத்தல்களைச் சேகரித்து வரும் வான் வண்டியின் சாரதி அவர். ஒரு பகிடி இல்லாமல் பேச்சைத் தொடங்காதவர். அன்று என் பெயரைக்கூட "நடா" என்று பாதியில் நிறுத்தினார்.

"மகேஷ் போய்விட்டார், நண்பா. நேற்றுப் பின்னேரம், என் வீட்டு லோன்றியில். தேநீர் ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். ஸ்டூலில் இருந்தபடியே சுவரோடு சாய்ந்திருந்தார். பென்சில் கையில்தான் இருந்தது."

கென் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். நான் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்க வரவில்லை.

"மூன்றேகால். நீ கேட்பாய் என்று தெரியும். அதனால் மணியைப் பார்த்து வைத்தேன்" என்றார் கென்.

திரு. பொன்னுத்துரை மகேசன் அவர்கள் தமது ஐம்பத்து நான்காவது வயதில், மாரடைப்பினால், மெல்பேர்ணின் தென்கிழக்கே நோபல் பார்க்கில், கென்னின் வீட்டுச் சலவையறையில் காலமானார். நமது தமிழ்ச் சங்கத்தின் இம்மடலை வாசிப்பவர்களிற் பலருக்கு அவரை 'பியர் மகேசர்' என்றுதான் தெரியும். அப்பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதையும், அது ஏன் பொருந்தாத பெயர் என்பதையும் எழுதுவது என் கடமை. ஐந்து ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் அவருடன் வேலை செய்தவன் என்பதால் செயற்குழுவினர் என்னை எழுதக் கேட்டனர். அதற்கு நான் தகுதியானவனா என்பதை, இதை முழுவதும் வாசித்த பின்னர் அவர்களே தீர்மானிக்கட்டும்.

இலங்கையின் வடகரையிலிருந்த சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் மகேசன் அவர்கள் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றியவர். சுண்ணக்கல்லில் எத்தனை பங்கு சுண்ணம், எத்தனை பங்கு மண் என்று நாள்தோறும் அளந்து சொல்வது அவருடைய வேலை. பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியின் சான்றிதழும், பதினெட்டு ஆண்டுகளின் கைப்பழக்கமும் இருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்நாட்டின் கதவு நம்மவர்க்குத் திறந்தபோது மனைவி புவனேஸ்வரியுடன் இங்கு வந்தார். சான்றிதழைப் பார்த்தவர்கள் அதைப் பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது எங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் வேலை.

அவர் வேலைக்கு வந்த முதற்கிழமையிலேயே நான் அதைக் கவனித்தேன். கழுவிய கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் அதில் எண்ணெய்ப் பசை எஞ்சியிருக்கிறது என்பது பொருள். தகடுபோல் ஒரே படலமாக வழிந்தால்தான் அது சுத்தம். எங்கள் குடுவைகளில் அதுவரை முத்துகளே நின்றன. அக்கிழமை முதல் தண்ணீர் தகடாக வழிந்தது. கழுவும் அறைக்குப் போய் "இதை எங்க பழகினீங்கள்?" என்று தமிழிற் கேட்டேன்.

"இதைப் பழகேல்லை, மிஸ்டர் நடராசா" என்றார். "கழுவித் தந்தவையை ஏசி ஏசிப் பழகினது. இப்ப அந்த ஏச்சையெல்லாம் எனக்கு நானே ஏசுறன்."

ஆய்வுகூடத்தின் ஒழுங்குப்படி கழுவுபவர் ஆய்வு மேசைக்கு அப்பால் வரக்கூடாது. மேசையின் விளிம்பில் குடுவைகளை வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மகேசன் அவர்கள் ஒருநாளும் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. ஆனால் அங்கு நின்று, நான் பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் போவார். பியூரெட் என்பது அளவுக்கோடுகள் இட்ட, கீழே திருகுள்ள, நீண்ட கண்ணாடிக் குழாய். மாதிரித் தண்ணீரின் மஞ்சள் நிறம் செம்மஞ்சளாகத் திரும்பும் கணத்தில் திருகை மூடவேண்டும். நான் மூடுவதற்கு ஒரு சொட்டு முன்னரே அவர் தலை அசைந்துவிடும்.

கென் வீட்டில் பியர் வடிப்பவர். அதற்கிருந்த தடையை அரசு நீக்கிச் சில காலமே ஆகியிருந்தது. தகரத்தில் விற்கும் பாகைக் கரைத்துப் பியராக்குவதைக் கென் கேவலமாக நினைத்தார். முளைகட்டிய பார்லியும் கருக வறுத்த பார்லியும் வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, கறுப்புப் பியராகிய ஸ்டவுட்டை முறைப்படி வடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை அதிற் சில போத்தல்களை ஆய்வுகூடத்துத் தேநீர் அறைக்குக் கொண்டு வந்தார். எங்கள் தலைவர் ஹாரிஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதை என் காரின் பற்றறிக்கு அமிலமாக ஊற்றலாமா, கென்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கென்னும் சிரித்தார், ஆனால் முகம் சுருங்கிப் போயிற்று.

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த மகேசன் அவர்கள் அந்தப் போத்தலை முகர்ந்து பார்த்தார். பின்னர் கென்னிடம், தண்ணீரை என்ன செய்தீர் என்று கேட்டார்.

"புத்தகம் சொன்னபடி செய்தேன். அரை மணி கொதிக்க வைத்து, அடியில் படியும் வெள்ளையை விட்டுவிட்டு, மேலே உள்ளதை எடுத்து, ஒரு கரண்டி ஜிப்சம் போட்டேன்."

"எவ்வளவு வெள்ளை படிந்தது?"

"ஒன்றும் படியவில்லை. எங்கள் தண்ணீர் அவ்வளவு சுத்தம் என்று சந்தோஷப்பட்டேன்."

"புத்தகம் எந்த நாட்டில் அச்சிட்டது?"

கென் சற்று யோசித்து, "இங்கிலாந்து" என்றார்.

மகேசன் அவர்கள் கோப்பைகளைத் தட்டில் அடுக்கியபடியே விளங்கப்படுத்தினார். இங்கிலாந்தின் பல ஊர்களில் தண்ணீர் சுண்ணக்கல்லினூடாக வருவது. அதில் காரத்தன்மை அதிகம். அதைக் குறைக்கவே கொதிக்க வைக்கிறார்கள். மெல்பேர்ண் தண்ணீர் மலைக்காட்டில் விழுந்த மழை. அதில் காரத்தன்மை இல்லையென்றே சொல்லலாம். கருக வறுத்த பார்லியோ புளிப்புடையது. அந்தப் புளிப்பைத் தாங்கிக்கொள்ளத் தண்ணீரில் சற்றுக் காரத்தன்மை வேண்டும். "இல்லாததை நீங்கள் அரை மணி நேரம் கொதிக்க வைத்து அகற்றியிருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்திற் சொன்னார். தேநீர் அறையில் இம்முறை எவரும் சிரிக்கவில்லை. ஹாரிஸ் மட்டும் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். சரிதான் என்று நான் தலையசைத்தேன்.

திங்கட்கிழமை மகேசன் அவர்கள் வீட்டுக் குசினியிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தில் அப்பச்சோடா கொண்டு வந்து கென்னிடம் கொடுத்தார். இருபது லீற்றருக்கு முக்காற் கரண்டி, மட்டமாக, என்று இரு தடவை சொல்லிக் கொடுத்தார். ஐந்தாறு கிழமைகளின் பின்னர் கென் அடுத்த வடிப்பைக் கொண்டு வந்தார். புளிப்புப் போய்விட்டது. ஆனால் சவர்க்காரத்தைக் கரைத்துக் குடித்ததுபோல் இருந்ததாகக் குடித்தவர்கள் சொன்னார்கள்.

"முக்காற் கரண்டி இவ்வளவு நல்லதென்றால் நாலு கரண்டி எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்" என்றார் கென்.

மகேசன் அவர்கள் என் பக்கம் திரும்பி, "கறிக்கு உப்புப் போடுற மாதிரிப் போட்டிருக்கிறான், பாவி" என்று தமிழிற் சொன்னார். "இவனிட்டக் கரண்டியைக் குடுக்கேலாது. அளந்துதான் குடுக்கோணும்."

அப்படித்தான் கென்னின் வீட்டுச் சலவையறையில் அவருடைய சனிக்கிழமைகள் தொடங்கின. நுனி உடைந்து குப்பைத்தொட்டிக்குப் போகவிருந்த ஒரு பியூரெட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஹாரிஸிடம் எழுத்தில் அனுமதி கேட்டுப் பெற்றார். அந்த அனுமதித் துண்டை இறுதிவரை பத்திரமாக வைத்திருந்தார். உடைந்த நுனியில் ரப்பர்க் குழாயும், மருந்துச் சொட்டு விடும் கண்ணாடிக் குழலும் பொருத்தினார். ஆய்வுகூடத்து அமிலத்தில் ஒரு சிறு போத்தல் கொடுக்கும்படி என்னிடம் கேட்கலாமா என்று யோசித்திருப்பார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்கமாட்டேன். மருந்துக் கடையில் வாங்கினார். நிறுக்கத் தராசு இல்லாதபடியால் ஒரு பெட்டி அப்பச்சோடாவை முழுவதுமாக அளந்த தண்ணீரிற் கரைத்து வைத்தார். பெட்டியின் நிறை அதிலேயே அச்சிட்டிருந்தது. அதன் பின்னர் கென் கரண்டியைத் தொட வேண்டியதில்லை. இத்தனை மில்லிலீற்றர் என்று அளந்து ஊற்றினாற் போதும்.

சீமெந்துத் தொழிற்சாலையில் ஓர் ஒழுங்கு இருந்ததாம். ஒவ்வோர் அளவுக்கும் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து: 'வாசித்தவர்' என்று ஒருவர், 'பார்த்தவர்' என்று ஒருவர். இரண்டாமவர் வாசிக்கத் தேவையில்லை. அருகில் நின்று பார்த்தாற் போதும். மகேசன் அவர்கள் தமது சனிக்கிழமைக் குறிப்பேட்டிலும் அந்த இரண்டு நிரல்களைக் கோடிட்டார். இரண்டாவதற்கு ஆள் வேண்டுமென்று என்னை அழைத்தார்.

நான் மூன்று சனிக்கிழமைகள் போனேன். சலவையறை மிகச் சிறியது. தோய்க்கும் தொட்டியின் மேல் ஒரு பலகை, பலகையில் கம்பியாற் கட்டிய பியூரெட், யன்னலில் வெள்ளைக் காகிதம் ஒட்டிய கண்ணாடி. நிறம் மாறுவது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தக் காகிதம். கென்னின் சேர்ட்டுகளை மகேசன் அவர்களே மடித்து ஒரு மூலையில் அடுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுப்பார். மூன்றும் ஒத்துவராவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குவார். என் இருபத்தைந்தாண்டு அனுபவத்தில் அதைவிட நேர்த்தியான கையை நான் கண்டதில்லை.

"எங்கட கிணத்துத் தண்ணியெண்டால் முப்பது மில்லிலீற்றர் அசிட் குடிச்சிட்டும் நிறம் மாறாமல் நிக்கும்" என்றார் முதல்நாள். "இதைப் பாருங்கோ. ஒண்டரையில விழுந்து போச்சு. ஐயோ பாவம், இந்தத் தண்ணிக்கு எதிர்த்து நிக்கத் தெரியாது."

"உங்களைப் போல" என்றேன். எப்போதாவது நானும் பகிடி விடுவதுண்டு.

"ஓம், என்னைப் போலத்தான்" என்று சிரித்தார். "எனக்கும் ஆராவது கொஞ்சம் சோடா போடோணும்."

மகேசன் அவர்கள் தம் வாழ்நாளில் மது அருந்தியதில்லை. ஊறல் சரியாக அமைந்ததா என்பதை நிறம் மாறும் காகிதத் துண்டால் பார்ப்பார். கடைசியில் வடித்ததை நுனிநாக்கில் ஒரு துளி வைத்துத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிப்பார். அவ்வளவுதான். "உலகத்திலேயே குடிக்காமல் பியர் வடிக்கும் ஒரே ஆள்" என்று கென் அண்டை அயலாருக்கெல்லாம் அவரை அறிமுகம் செய்து வைத்தார். ஆனால் நம்மவர் மத்தியில் கதை வேறாகப் பரவி, 'பியர் மகேசர்' என்ற பெயராயிற்று. தீபாவளி ஒன்றுகூடலில் ஒருவர் எல்லோருக்கும் கேட்க, "மகேசர், தவறணை எப்ப திறக்கிறியள்?" என்றார். அந்த மதுக்கடைப் பகிடிக்குச் சிரிப்பொலி எழுந்தது. புவனேஸ்வரி அம்மையார் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வெளியே போனதைக் கண்டேன். மகேசன் அவர்கள் அமைதியாக, "தண்ணி மட்டும்தான் என்ர பொறுப்பு. மிச்சம் கென்னின்ர" என்றார். அதை நம்பியவர்கள் சிலரே.

அவ்வாண்டு நத்தாருக்கு ஆய்வுகூடத்தில் நடந்த கிறிஸ்மஸ் விருந்துக்குக் கென் கொண்டு வந்த ஸ்டவுட்டை ஹாரிஸ் இரண்டு கிளாஸ் குடித்தார். போத்தல்களில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. மகேசன் அவர்களின் அச்சுப் போன்ற கையெழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள்: 'பியர்: கென். தண்ணீர்: பொ. மகேசன்.' ஹாரிஸ் அதைப் பார்த்துவிட்டு மகேசன் அவர்களை அழைத்தார். ஆய்வு உதவியாளர் பதவி ஒன்று தை மாதத்தில் வெற்றிடமாகப் போவதாகவும், அவர் இந்நாட்டில் பகுப்பாய்வு செய்வதைத் தகைமையுள்ள இரசாயனர் ஒருவர் நேரிற் கண்டதாகச் சான்று தந்தால், இரசாயனர் சபையின் அங்கீகாரத்துக்கு அவர் பெயரைத் தாமே அனுப்புவதாகவும் சொன்னார். நான் அருகில் நின்றேன். மகேசன் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

அன்று ரயிலில் வீடு திரும்புகையில் அவர் ஒன்று சொன்னார். எங்கள் அறிக்கைகளில் ஒவ்வொரு முடிவின் கீழும் அதை அளந்தவரின் பெயர் அச்சாகும். "பெரிய ஆசையொண்டும் இல்லை, மிஸ்டர் நடராசா. ஒரேயொரு முடிவாவது என்ர பேரில போகோணும். ஏதோ ஒரு ஊரின்ர குழாய்த் தண்ணி. கீழ என்ர பேர். அது போதும்."

தை மாதம் இரண்டாங் கிழமை, மதிய இடைவேளையில், கழுவும் அறைக்கு என்னை அழைத்தார். கைகளைத் துடைத்து, உறையிலிருந்து சபையின் படிவத்தை எடுத்து விரித்தார். பேனையின் மூடியைக் கழற்றி எனக்கு நீட்டினார்.

நான் படிவத்தை இருமுறை வாசித்தேன். விண்ணப்பதாரி ஆய்வுகூடத்தில் பகுப்பாய்வு செய்வதை நான் நேரிற் பார்த்துள்ளேன் என்று நான் உறுதி கூறவேண்டும்.

"இதில ஆய்வுகூடம் எண்டு கிடக்கு" என்றேன்.

"ஓம்."

"நான் பார்த்தது கென்னின்ர லோன்றி."

"ஓம், லோன்றிதான். இஞ்ச மேசைக்கு அங்கால வர என்னை விடமாட்டினம். வேற எங்க நான் செய்து காட்டுறது?" சற்றுப் பொறுத்து, "அளவு சரிதானே?" என்று கேட்டார்.

"அளவில ஒரு பிழையுமில்லை."

"அப்ப?"

"இடம் பிழை."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பேனையை வாங்கி மூடினார். படிவத்தை ஏற்கெனவே இருந்த மடிப்பிலேயே மடித்தார். "நீங்கள் சொல்லுறது சரி" என்றார். "ஒழுங்கெண்டால் ஒழுங்குதான். உங்கட இடத்தில இருந்தால் நானும் யோசிச்சிருப்பன்."

யோசித்திருப்பேன் என்றாரேயன்றி மறுத்திருப்பேன் என்று சொல்லவில்லை. அதை அன்று நான் கவனிக்கவில்லை. அவர் அடுத்த குடுவையை எடுத்துக் கழுவத் தொடங்கினார். நான் என் மேசைக்குத் திரும்பினேன். சரியானதைச் செய்தேன் என்ற திருப்தியுடன் திரும்பினேன் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. மகேசன் அவர்கள் என்னிடம் காட்டிய மரியாதையில் ஓர் அணுவும் குறையவில்லை. காலையில் வணக்கம், மாலையில் "வாறன்". குடுவைகளில் தண்ணீர் முன்போலவே தகடாக வழிந்தது. சனிக்கிழமைக்கு மட்டும் என்னை அவர் மீண்டும் அழைக்கவில்லை. அழைக்காத இடத்துக்குப் போவது முறையல்ல என்று நானும் போகவில்லை. ஒரு தடவை கென் வானை நிறுத்திவிட்டு, "அவர் உன்னை எதிர்பார்க்கிறார், தெரியுமா? ஸ்டூல் இரண்டு போட்டு வைக்கிறார்" என்றார். "என்னிடம் சொல்லவில்லையே" என்றேன். கென் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உன்னை எந்த அச்சில் வார்த்தார்களோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பின்னர் இரண்டு ஆண்டுகள் போயின.

செவ்வாய்க்கிழமை ஸ்பிரிங்வேல் மயானத்தில் இறுதிக் கிரியைகள் நடந்தன. நம்மவர் சுமார் நாற்பது பேர் வந்திருந்தனர். தவறணைப் பகிடி விட்டவரும் வந்து பின்வரிசையில் நின்றார். கென் கழுத்துப்பட்டி கட்டி வந்தார். அதற்கு முன்னர் அவரை அக்கோலத்தில் நான் கண்டதில்லை. கையில் பத்திரிகைத் தாளிற் சுற்றிய ஒரு போத்தல். அதைச் சவப்பெட்டியில் மகேசன் அவர்களின் அருகில் வைக்கலாமா என்று அம்மையாரிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

புவனேஸ்வரி அம்மையார் அழுது களைத்திருந்தார். "அவர்ர வாயில அது ஒரு சொட்டும் இறங்கேல்லை எண்டு கென்னுக்குச் சொல்லுங்கோ, அண்ணை" என்றார்.

சொன்னேன். "எனக்குத் தெரியாதா?" என்றார் கென். "ஆனால் தண்ணீர் அவருடையது."

அதையும் தமிழிற் சொன்னேன். அம்மையார் சிறிது நேரம் போத்தலையே பார்த்தார். "அப்ப வைக்கட்டும்" என்றார்.

கண்ணாடிப் போத்தலைத் தகனத்துக்கு அனுமதிக்கமாட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. வெப்பத்தில் வெடிக்கும். அதுதான் ஒழுங்கு. "இதையும் நீதான் சொல்வாய் என்று நினைத்தேன்" என்றார் கென். அவர் கோபிக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியேயிருந்த குழாயடிக்குப் போய், போத்தலை நனைத்து, பெருவிரல் நகத்தால் லேபிளை மெல்ல மெல்ல உரித்தார். கிழியாமல் வந்தது. ஈரத்தோடு கொண்டு வந்து மகேசன் அவர்களின் சட்டைப் பையின் மேல் ஒட்டினாற்போல் வைத்தார். 'தண்ணீர்: பொ. மகேசன்.' அவர் பெயரில் வெளியான முடிவு இந்நாட்டில் அது ஒன்றுதான்.

கிரியைகள் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், அம்மையார் தம் கைப்பையிலிருந்து அந்தக் குறிப்பேட்டை எடுத்து என்னிடம் தந்தார். "எல்லாம் இங்கிலீசும் நம்பருமாக் கிடக்கு. உங்கட கையெழுத்தும் கிடக்கு, அண்ணை. நீங்களே வைச்சிருங்கோ."

அன்றிரவே வாசித்தேன். முதல் மூன்று சனிக்கிழமைகளில் 'பார்த்தவர்' என்ற நிரலில் என் கையெழுத்து. அதன் பின்னர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு. காலியாக விடுவது அவர் முறையல்ல. பக்கம் பக்கமாக அந்தக் கோடுகள், எல்லாம் ஒரே நீளம். கடைசிப் பக்கத்தில் கடந்த சனிக்கிழமையின் அளவு: ஒன்று தசம் நான்கு மில்லிலீற்றர். 'வாசித்தவர்' நிரலில் அவர் பெயர். 'பார்த்தவர்' நிரலில் கோடு இல்லை. கோடிட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

பேனை என் கையில் இருந்தது. ஆனால் அந்த அளவை நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் கையெழுத்திட என்னால் முடியாது. அவரும் அதை விரும்பியிருக்கமாட்டார். அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலை இரசாயனர் சபையின் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எடுத்திருக்க வேண்டியது. படிவத்தில் ஆய்வுகூடம் என்பதற்கு எந்த இடமெல்லாம் பொருந்தும் என்று கேட்டேன். பேசிய பெண்மணி சற்றும் தயங்கவில்லை. "அதைக் கையெழுத்திடும் இரசாயனரே தீர்மானிக்கலாம், ஐயா. அளவீடு முறைப்படி நடந்தது என்று அவருக்குத் திருப்தி இருந்தாற் போதும். விண்ணப்பதாரியின் பெயர் என்ன?" என்றார்.

நான் பெயரைச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளும் ஓசை கேட்டது.

"படிவத்தை எப்போது எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டார்.

நன்றி சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டேன்.

ஒழுங்கு என்று நான் சொன்னது ஒழுங்கே அல்ல. கேட்காமல் நானே இட்ட எல்லை அது. ஒரு கடிதம், அல்லது இரண்டு நிமிடப் பேச்சு. பதினெட்டு ஆண்டுகள் அளந்த ஒரு கைக்கு நான் அதைக்கூடச் செலவிடவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இப்போது இல்லை. புவனேஸ்வரி அம்மையாரிடம் நேரிற் சென்று சொல்லிவிட்டேன். அவர் குசினிக்குப் போய்த் தேநீர் கொண்டு வந்து வைத்தார். அதை நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலிருந்த கதிரையில் இருந்தார்.

மகேசன் அண்ணை, ஆய்வுகூடத்தில் உங்களை ஒருநாளும் அப்படி அழைக்கவில்லை. போய் வாருங்கள். தாமதமாக வருவது பெறுமதியற்றது என்பதை அறிந்தே, படிவத்தில் எழுதியிருக்க வேண்டியதை, இம்மடலை வாசிக்கும் அனைவர் முன்னிலையிலும் இங்கே எழுதுகிறேன்.

திரு. பொன்னுத்துரை மகேசன் அவர்கள் தண்ணீரின் காரத்தன்மையை அளப்பதை மூன்று சனிக்கிழமைகளில் நான் நேரிற் பார்த்துள்ளேன். ஒவ்வோர் அளவும் மும்முறை எடுக்கப்பட்டது. மூன்றும் ஒத்திருந்தன. முறையிற் பிழையில்லை. கையிற் பிழையில்லை. ஆய்வு நடந்த இடம்: நோபல் பார்க், சலவையறை. அது ஓர் ஆய்வுகூடம்.

வாசித்தவர்: பொ. மகேசன்
பார்த்தவர்: க. நடராசா